தந்தையார் நிறுவிய குடும்ப நம்பிக்கைப் பொறுப்புக்கு வெளி ஆலோசகர் தேவையா?

வெள்ளவத்தை மகள் எழுதியது:

வணக்கம். கொழும்பில் இயங்கும் ஒரு குடும்ப நம்பிக்கைப் பொறுப்பின் (trust) செயலாளராக இவ்வாண்டு பொறுப்பேற்றிருக்கிறேன். எனது தந்தையார் தமது வணிகத்தில் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, வசதி குறைந்த தமிழ் மாணவர்களின் உயர்கல்விக்கு உதவுவதற்காக நொத்தாரிசு உறுதி ஒன்றின் மூலம் இதனை நிறுவினார். அவர் இருந்தவரை தீர்மானங்கள் யாவும் அவருடையவையே. ஏனைய பொறுப்பாளர்கள் ஆண்டிறுதியில் எமது வீட்டுக்கு வந்து கணக்கில் கையொப்பமிட்டுச் செல்வார்கள். அவர் காலமான பின்னர் அந்த ஏற்பாடு நின்றுவிட்டது. அதன் இடத்தில் வேறு எந்த ஏற்பாடும் வரவில்லை.

சபையில் இப்போது எழுவர் இருக்கிறோம்: அம்மா, இலண்டனில் வாழும் அண்ணா, டொரொன்டோவில் வாழும் தம்பி, நான், சித்தப்பா, அப்பாவின் நண்பர்கள் இருவர். நிதியாக நான்கு கோடி ரூபாய் நிலையான வைப்பும், கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு விடப்பட்டுள்ள ஒரு கட்டடமும் உள்ளன. ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தி ஐந்தாண்டு மூலோபாயத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று அண்ணா சொல்கிறார். அதற்கு 15 இலட்சம் ரூபாய் கட்டணம் கேட்கிறார்கள். அந்தப் பணத்தை மாணவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்பது சித்தப்பாவின் நிலைப்பாடு. அப்பாவின் பெயருக்கு எந்தக் குறையும் வரக்கூடாது என்பதைத் தவிர அம்மா வேறெதுவும் சொல்வதில்லை.

இத்தகைய சபைகளுக்கு ஆலோசகர் உண்மையில் என்ன செய்ய முடியும், அவரிடம் என்ன எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் எழுதியது:

அன்புள்ள மகளுக்கு, ஆலோசகரைப் பற்றி முடிவெடுக்கும் முன்னர் உங்கள் நிதியின் அளவை ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு கோடிக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 32 இலட்சம் வரும். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் பிடித்துவைத்தல் வரியாகக் கழிக்கப்படுவதால் கையில் வருவது 28 இலட்சத்து 80 ஆயிரம். மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5 சதவீதம். முதலின் வாங்கும் சக்தி குறையாதிருக்க அந்த அளவை, அதாவது 20 இலட்சத்தை, முதலுடன் திரும்பச் சேர்த்தால், நிதியை அரிக்காமல் செலவிடக்கூடியது 8 இலட்சத்து 80 ஆயிரம் மட்டுமே. கட்டடத்தின் வாடகை இதற்கு மேலதிகம்.

பெரும்பாலான குடும்ப நிதிகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. 2022 இன் பிற்பகுதியில், அரசு குறுங்காலக் கடனுக்கு வெளியிடும் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியபோது நிலையான வைப்புகளுக்கும் அதுவரை காணாத வட்டி கிடைத்தது. பல சபைகள் புலமைப்பரிசில்களின் எண்ணிக்கையைக் கூட்டின. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்திருந்தது என்பதையும், வருமானம் என்று எண்ணிச் செலவிட்டதில் பெரும்பகுதி முதலே என்பதையும் அந்தச் சபைகளில் எவரும் எடுத்துச் சொல்லவில்லை. பின்னர் வட்டி வீதம் சரிந்தபோது, படிப்பின் நடுவில் நின்ற மாணவர்களின் உதவியைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒரு மாணவரை முதலாம் ஆண்டில் எடுத்துக்கொள்ளும் சபை அவருடைய நான்காம் ஆண்டுக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறது.

ஆகவே, வரி போக மிஞ்சும் ஓராண்டின் வட்டி வருமானத்தில் பாதிக்கு மேற்பட்ட தொகையைத் திட்ட அறிக்கை ஒன்றுக்குக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முதலில் கடந்த ஐந்தாண்டுக் கணக்கு, கூட்ட அறிக்கைப் புத்தகம், உறுதியின் பிரதி ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வையுங்கள். அவை ஒன்றோடொன்று பொருந்தினால் பாதி வேலை முடிந்துவிடும்.

கொள்ளுப்பிட்டி ஆலோசகர் எழுதியது:

நான் இத்துறையில் பணிபுரிபவன் என்பதால் எனது கருத்தில் தொழில்சார்ந்த சார்பு இருக்கலாம் என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் கொள்ளட்டும். ஆயினும் ஐயாவின் கணக்கு சரியானது. உங்கள் அளவிலான நிதிக்கு ஐந்தாண்டு மூலோபாயத் திட்டம் தேவையில்லை. தேவையானது வேறொன்று, அதைச் செய்வதற்கு 15 இலட்சம் ஆகாது.

எந்த ஆலோசகரிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதலாவது கேள்வி, அவர் யாருக்காக வேலை செய்யப் போகிறார் என்பதாகும். அண்ணா அழைத்து, அண்ணா கட்டணம் செலுத்தி, அண்ணாவுக்கு அறிக்கை அனுப்பும் ஆலோசகர் அண்ணாவின் ஆலோசகரே. சித்தப்பா முதல் கூட்டத்திலேயே அதை உணர்ந்துகொள்வார். அதன் பிறகு அவருடைய வாயிலிருந்து உண்மையான கருத்து எதுவும் வெளிவராது. ஆகவே நியமனம் சபையின் தீர்மானமாகவே இருக்க வேண்டும். நியமனக் கடிதத்தில் சபையின் சார்பில் தலைவர் கையொப்பமிட வேண்டும். அறிக்கை எழுவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வடிவத்தில் செல்ல வேண்டும். இதை ஏற்காத ஆலோசகர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

அதற்கும் மேலான ஒரு கடமை உண்டு. சபையே ஒருமனதாகக் கேட்டாலும், உறுதியில் எழுதப்பட்ட நோக்கத்துக்கு மாறான ஒன்றை ஆலோசகர் பரிந்துரைக்கக்கூடாது. அந்தப் பணம் இப்போது உங்கள் குடும்பத்தின் சொத்து அன்று. தந்தையார் அதைக் கொடுத்துவிட்டார். பெறுபவர்கள் இன்னும் பெயர் தெரியாத மாணவர்கள். குடும்பத்தவர்கள் இதைக் கொள்கையளவில் உடனே ஒப்புக்கொள்கிறார்கள். நடைமுறையில், ஒரு பெறாமகனின் விண்ணப்பம் வரும்போதோ, ஊர்க் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு உதவி கேட்டு வரும்போதோ, அந்தத் தெளிவு மங்கிவிடுகிறது.

குடும்பச் சபைகளில் நான் கண்ட தகராறுகளில் மிகப் பெரும்பாலானவை, குடும்பமாகப் பேச வேண்டியவற்றைப் பொறுப்பாளர் கூட்டத்தில் பேசுவதால் எழுந்தவை. தந்தையாரை இறுதிக் காலத்தில் பராமரித்தவர் யார், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இங்குள்ள நிலைமை தெரியுமா, வணிகம் யாருடைய கையில் போயிற்று என்னும் கேள்விகள் புலமைப்பரிசில் விவாதத்தின் உடையில் வந்து அமர்கின்றன. எனவே நல்ல ஆலோசகர் முதலில் ஒவ்வொரு பொறுப்பாளரையும் தனித்தனியே, அவரவர் வீட்டில், அவரவர் விரும்பும் மொழியில் சந்திப்பார். உங்கள் தாயாரிடம் ஆங்கிலத்தில் வரைபடம் காட்டும் ஒருவரால் எந்தப் பயனும் இல்லை. சந்திப்புகளின் பின்னர், எவர் என்ன சொன்னார் என்பதைக் குறிப்பிடாமல், எங்கே உடன்பாடு, எங்கே வேறுபாடு என்று நான்கைந்து பக்கங்களில் எழுதிக் கொடுப்பார். அதன் பிறகு இரண்டு கூட்டங்கள் நடக்க வேண்டும்: ஒன்று குடும்பக் கூட்டம், மற்றையது பொறுப்பாளர் கூட்டம். அவை வெவ்வேறு நாட்களில், முடியுமானால் வெவ்வேறு இடங்களில் நடப்பது நல்லது.

கட்டணம் குறித்தும் ஒரு சொல். திரட்டித் தரும் நிதியில் இத்தனை சதவீதம் தாருங்கள் என்று கேட்பவரை ஏற்காதீர்கள். அமெரிக்காவில் நிதிதிரட்டுநர்களின் தொழில்முறைச் சங்கமே தமது ஒழுக்கக் கோவையில் அத்தகைய கொடுப்பனவைத் தடைசெய்துள்ளது. காரணம் எளியது: சதவீதம் பெறுபவர் பெரிய நன்கொடையை விரைவில் பெறவே முயல்வார், அந்த நன்கொடையுடன் வரும் நிபந்தனைகள் உங்கள் நோக்கத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. வேலையின் எல்லையை எழுதி, அதற்கு நிலையான தொகை ஒன்றைப் பேசுங்கள். முதலீட்டுத் திட்டங்களையோ காப்புறுதியையோ விற்பவர் உங்கள் ஆலோசகராக இருக்கக்கூடாது.

புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

சட்ட நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உறுதி மூலம் நிறுவப்பட்டவை 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வறுமை நீக்கம், கல்வி மேம்பாடு, சமயம் முதலிய பொதுநல நோக்கங்களுக்காக அமைக்கப்படுபவை அறநெறி நம்பிக்கைப் பொறுப்புகளாகும். பொறுப்பாளர் தமது கடமையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட முடியாது. உறுதி அனுமதித்தாலன்றித் தமது உழைப்புக்கு ஊதியம் பெற முடியாது. நிதியின் சொத்தைத் தமது இலாபத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது. ஆண்டிறுதியில் வந்து கையொப்பமிட்டுச் செல்வதால் கடமை நிறைவேறிவிடாது என்பதை உங்கள் சபையினர் அறிந்திருக்க வேண்டும்.

பிரித்தானியாவில் உள்ளது போன்ற அறநிலைய ஆணைக்குழு இங்கு இல்லை. ஆண்டுதோறும் எவரும் உங்களிடம் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதனால் சுதந்திரம் அதிகம். ஆனால் தகராறு முற்றினால் போக வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம்தான். ஆலயங்கள் போன்ற சமய நம்பிக்கைப் பொறுப்புகளில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்து வழக்குத் தொடர 102 ஆம் பிரிவு இடமளிக்கிறது. அப்படித் தொடங்கிய ஆலய வழக்குகள் தலைமுறை கடந்தும் நடப்பதை நாம் அறிவோம். வழக்கு நடக்கும் காலம் முழுவதும் நிதி செயலற்றுக் கிடக்கும்.

உங்கள் விடயத்தில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் பெற்றோர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களாயின், திருமணத்தின் பின் ஈட்டிய தேடியதேட்டத்தில் கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை உண்டு. கொட்டாஞ்சேனைக் கட்டடம் அவ்வாறு ஈட்டப்பட்டதா, உறுதியில் தாயாரும் கையொப்பமிட்டாரா என்பதைச் சரிபாருங்கள். அவர் கையொப்பமிடவில்லையாயின், முழுக் கட்டடமும் நிதிக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்விக்குரியது. நிறுவனத்தின் பெயரில் ஆயிரம் திட்டங்கள் வகுத்தாலும் இந்தக் கேள்வி தீரும்வரை அவை உறுதியான தரையில் நிற்கா.

உறுதியைக் கைவிட்டு, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக (பங்குகளின்றி உறுப்பினரின் உத்தரவாதத்தில் இயங்குவது) மாறும்படி சிலர் ஆலோசனை சொல்லக்கூடும். பல நன்கொடையாளர்களிடம் நிதி பெற்றுப் பணியாளர்களுடன் இயங்கும் அமைப்புக்கு அது பொருந்தும். குடும்பப் பணத்தில் புலமைப்பரிசில் மட்டும் வழங்கும் ஒன்றுக்கு அவசியமில்லை. சகோதரர்கள் வெளிநாட்டு நண்பர்களிடம் பணம் திரட்டத் தொடங்கினால், 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவையும், வங்கிகள் கேட்கும் விபரங்களையும் அப்போது கவனிக்க வேண்டும்.

மருதானை வாசகர் எழுதியது:

சட்டத்தரணி ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எமது முஸ்லிம் சமூகத்தின் அறக்கொடைகளுக்கு 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டம் உண்டு. பள்ளிவாசல்களும் முஸ்லிம் அறநெறி நம்பிக்கைப் பொறுப்புகளும் அதன் கீழ் பதிவு செய்யப்படுகின்றன. கணக்கை வக்பு சபைக்குச் சமர்ப்பிக்க வேண்டும். இதனால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை, பிணக்குகள் எம்மிடமும் உள்ளன. ஆனால் கணக்குக் காட்டுவது குடும்பத்தை அவமதிப்பதாகும் என்ற எண்ணம் எம்மிடையே குறைவு. கொடுத்த பணம் அல்லாஹ்வுக்காக ஒப்படைக்கப்பட்டது, முத்தவல்லி, அதாவது பொறுப்பாளர், அதன் காவலர் மட்டுமே என்ற உணர்வு அதற்கு உதவுகிறது.

கல்வியாளர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1945 இல் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி ஒரு குடும்பத்துக்கு உரியதாக அமையவில்லை. உங்கள் தந்தையாரின் நிதியும் குடும்பத்துக்கு வெளியே இரண்டு மூன்று பேரைச் சபையில் சேர்த்துக்கொண்டால் அதன் ஆயுள் கூடும் என்று நினைக்கிறேன். அப்பாவின் நண்பர்கள் வெளியார் அல்லர். அவர்கள் அப்பாவுக்காக வந்தவர்கள்.

வெள்ளவத்தை மகள் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்: கூட்ட அறிக்கைப் புத்தகம் உண்டு, ஆனால் பல ஆண்டுகளுக்கு ஒரே வாசகமே எழுதப்பட்டுள்ளது. கட்டடம் பெற்றோரின் திருமணத்தின் பின் வாங்கப்பட்டது. அதன் கீழ்த்தளத்தில் சித்தப்பாவின் மகன் கடை நடத்துகிறார். வாடகை நீண்ட காலமாக மாறவில்லை, அயலில் உள்ள கடைகளின் வாடகையில் பாதிகூட இல்லை. புலமைப்பரிசில் பெற்றவர்களில் எங்கள் உறவினர் சிலரும் இருக்கிறார்கள். அவர்களில் வசதியற்றவர்களும் உண்டு, வசதியுள்ளவர்களும் உண்டு.

வாடகை விடயத்தை அண்ணா எழுப்பினால் சித்தப்பா சபையை விட்டு விலகிவிடுவார் என்று அஞ்சுகிறேன். அப்பா இருந்தபோது தினமும் வங்கிக்கும் மாணவர்களின் வீடுகளுக்கும் நடந்தவர் அவர்தான். அவரை இழக்க எனக்கு விருப்பமில்லை.

கொள்ளுப்பிட்டி ஆலோசகர் எழுதியது:

இதை வெளிப்படையாக எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன். வாடகை விடயம்தான் உங்கள் சபையின் மையப் பிரச்சினை. ஐந்தாண்டுத் திட்டம் அதைச் சுற்றிப் போகும் வழியாகவே அமைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 1969 ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கும் அவற்றை நிறுவிய குடும்பத்தினருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல்களைத் தடைசெய்தது. அறக்கட்டளையின் கட்டடத்தைக் குடும்ப உறுப்பினர் ஒருவர் வாடகைக்கு எடுப்பது, சந்தை வாடகையையே கொடுத்தாலும், அங்கே தடைசெய்யப்பட்டதே. ஒவ்வொரு வாடகையும் நியாயமானதா என்று ஆராய்வதைவிட, அத்தகைய உறவையே விலக்குவது இலகு என்பது அந்தச் சட்டத்தின் தர்க்கம். எமது சட்டத்தில் இவ்வளவு கடுமையான விதி இல்லை. ஆனால் பொறுப்பாளர் தமது இலாபத்துக்கு நிதியின் சொத்தைப் பயன்படுத்தக்கூடாது என்ற கோட்பாடு உண்டு, மகன் என்பதனால் கேள்வி சிறிதாகிவிடாது.

நான் இவ்வாறு அணுகுவேன். முதலாவதாக, வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், சபை எழுவருக்கும் பொதுவான நலன்முரண் விதி ஒன்றை எழுத வேண்டும்: தமக்கோ, நெருங்கிய உறவினருக்கோ தொடர்புள்ள விடயத்தைப் பொறுப்பாளர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அந்த விடயம் பேசப்படும்போது வெளியே இருக்க வேண்டும், அது கூட்ட அறிக்கையில் பதிவாக வேண்டும். இந்த விதி புலமைப்பரிசில் விண்ணப்பங்களுக்கும் பொருந்த வேண்டும். உங்களுக்கும் அண்ணாவுக்கும் பொருந்த வேண்டும். இரண்டாவதாக, சுதந்திரமான மதிப்பீட்டாளர் ஒருவரிடம் வாடகை மதிப்பீடு பெற வேண்டும். மூன்றாவதாக, அந்த மதிப்பீட்டுடன் ஆலோசகர் சித்தப்பாவைத் தனியே சந்திக்க வேண்டும். அச்சந்திப்பில் அவருடைய இத்தனை ஆண்டு உழைப்பு முதலில் பேசப்பட வேண்டும், ஏனென்றால் அது உண்மை. குறைந்த வாடகையைத் தம் உழைப்புக்கான மௌனமான ஈடாக அவர் கருதியிருக்கலாம். அப்படியாயின் அதற்கு வேறு நேர்மையான வழிகள் உண்டு. குடும்பம் தன் சொந்தப் பணத்திலிருந்து அவருக்கு மரியாதை செய்யலாம்; மாணவர்களின் பணத்திலிருந்து செய்ய முடியாது. வாடகையை உரிய அளவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக உயர்த்தலாம், அல்லது கடை வேறிடம் போகக் காலக்கெடு கொடுக்கலாம்.

இதை அண்ணா செய்ய முடியாது, நீங்களும் செய்ய முடியாது. குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவருக்குக் கட்டணம் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் இதுவே.

வெளியாரைச் சேர்ப்பது குறித்து மருதானைச் சகோதரர் சொன்னதை ஆதரிக்கிறேன், ஓர் எச்சரிக்கையுடன். அமெரிக்கக் கார் உற்பத்திக் குடும்பத்தைச் சேர்ந்த எட்செல் ஃபோர்டு 1936 இல் தொடங்கிய ஃபோர்டு அறக்கட்டளையிலிருந்து அவருடைய மகன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு 1976 இல் விலகினார்; அறக்கட்டளையின் போக்கில் அவருக்கு உடன்பாடு இருக்கவில்லை. வெளியார் பெரும்பான்மையானால் நோக்கமே மாறக்கூடும். எழுவரில் மூவர் வெளியார் என்பது உங்களுக்குப் போதுமான விகிதம் என்பது எனது கணிப்பு.

மலையக ஆசிரியை எழுதியது:

நான் ஹட்டன் பகுதியில் கற்பித்து, இப்போது கொழும்பில் வசிக்கிறேன். எனது மாணவர் பலர் இத்தகைய நிதிகளிடம் விண்ணப்பித்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் சபையைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பேசியவர்கள் பெறுபவர்களின் பக்கத்தையும் சிறிது கேளுங்கள்.

பல நிதிகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பின்னரே உதவுகின்றன. தோட்டப் பிள்ளைகளுக்கு உண்மையான தடை அதற்கு முன்னரே வருகிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளை, விடுதிச் செலவைக் கட்ட முடியாமல் அருகிலுள்ள பாடசாலையில் வேறு பிரிவுக்குப் போய்விடுகிறது. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் ஓராண்டுக்கும் மேலான காத்திருப்பு வேறு. அந்தக் காலத்தில் கொழும்பில் கடைகளில் வேலைக்குச் சேர்ந்து திரும்பாமல் போனவர்கள் உண்டு. அதிசிறந்த பெறுபேறு பெற்ற பத்துப் பேருக்குப் பல்கலைக்கழகத்தில் உதவும் நிதி, அந்தப் பத்துப் பேரும் எப்படியோ தப்பி வந்தவர்கள் என்பதை அறிவதில்லை.

நேர்முகத்துக்குப் பெற்றோருடன் கொழும்புக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் சம்பளம், இருவரின் பயணச் செலவு, சில வேளை இரவு தங்கும் செலவு. கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சிக்கு மேலும் ஒரு நாள். விழா வைத்துக் காசோலையுடன் புகைப்படம் எடுத்து முகநூலில் இடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று எவரும் கேட்பதில்லை. மாதாந்தக் கொடுப்பனவு இரண்டு மூன்று மாதம் பிந்துகிறது. விடுதிக் கட்டணம் பிந்துவதில்லை.

ஆலோசகர் எழுவரைச் சந்திக்கட்டும். அத்துடன் உதவி பெற்ற பத்துப் பேரையும், விண்ணப்பித்துக் கிடைக்காத ஐந்து பேரையும், பாடசாலை அதிபர்கள் சிலரையும் சந்திக்கட்டும். சபையில் சேர்க்கும் வெளியாரில் ஒருவர் அப்பாவின் உதவியால் படித்து இன்று தொழில் செய்பவராக இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் எழுதியது:

ஆசிரியை அவர்களின் கருத்தை வாசித்த பின்னர் எனது முந்தைய கணக்கை நானே மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முதலை என்றென்றும் காக்க வேண்டும் என்ற அடிப்படையில் அது போடப்பட்டது. உறுதி அவ்வாறு கட்டாயப்படுத்துகிறதா என்பதைப் பாருங்கள். கட்டாயம் இல்லையென்றால், முதலையும் சேர்த்து 15 அல்லது 20 ஆண்டுகளில் செலவிட்டு முடிப்பதும் மதிப்புக்குரிய வழியே. ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற அமெரிக்க வணிகர், தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் தமது நிதி முழுவதும் செலவிடப்பட வேண்டும் என்று வகுத்தார். அவர் 1932 இல் மறைந்தார்; நிதி 1948 இலேயே செலவிட்டு மூடப்பட்டது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக அவரது உதவியுடன் எழுந்த பாடசாலைகள் ஏறத்தாழ 5,000. கேட்ஸ் அறக்கட்டளையும் 2045 இல் மூடப்படும் என்று 2025 இல் அறிவிக்கப்பட்டது.

எங்கள் பக்கத்திலும் நினைத்துப் பார்க்க வேண்டிய வரலாறு உண்டு. பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் இராமநாதன் கல்லூரியையும் 1921 இல் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகள் பல அரசின் கைக்குப் போயின. பரமேஸ்வராவின் வளாகத்தில் 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் எவ்வளவு தொலைநோக்குடன் எழுதிவைத்தாலும் சூழ்நிலை மாறுகிறது. சபைக்குத் தீர்மானிக்கும் இடம் இருக்க வேண்டும்.

ஆனால் முடிவெடுக்குமுன் ஒன்று: அண்ணா இலண்டனில் வரி செலுத்துபவராயின், பிரித்தானியாவில் பதிவுபெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அந்நிறுவனம் அரசிடமிருந்து 25 பென்ஸ் பெறலாம். கொழும்பிலுள்ள உங்கள் நிதிக்கு நேரடியாக அனுப்பினால் அது கிடைக்காது. அவர் ஆண்டுதோறும் உதவ விரும்பினால், நம்பகமான பதிவுபெற்ற நிறுவனம் ஒன்றின் ஊடாக அனுப்ப முடியுமா என்று அங்கேயே விசாரிக்கட்டும்.

வெள்ளவத்தை மகள் எழுதியது:

அண்ணாவுடனும் தம்பியுடனும் நேற்றிரவு சூமில் பேசினேன். ஐந்தாண்டுத் திட்டத்தைக் கைவிட அண்ணா உடன்பட்டுவிட்டார். ஆலோசகர் ஒருவரைச் சபைத் தீர்மானத்தின் மூலம், மூன்று மாத வேலைக்கு, எழுதப்பட்ட எல்லையுடன் அமர்த்தலாம் என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழியவுள்ளோம். சித்தப்பாவிடம் நானே நேரில் போய், வாடகையைப் பற்றி எதுவும் பேசாமல், ஆலோசகரைத் தெரிவு செய்வதில் அவருடைய உதவியைக் கேட்கப் போகிறேன்.

ஒரு சிக்கல். உறுதியின் மூலப் பிரதி வீட்டில் இல்லை. கிடைத்திருப்பது நிழற்பிரதி, அதிலும் நோக்கங்கள் எழுதப்பட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கம் இல்லை. எழுதிய நொத்தாரிசும் காலமாகிவிட்டார்.

புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

கவலைப்பட வேண்டியதில்லை. நொத்தாரிசு தாம் நிறைவேற்றும் உறுதிகளின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உங்களிடமுள்ள நிழற்பிரதியில் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால், கொழும்புக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். கட்டடமும் அதே உறுதியில் இருப்பதால் காணிப் பதிவேட்டின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். பின்னர் ஏதாவது உரிமை மாற்றமோ ஈடோ பதிவாகியிருந்தால் அதில் தெரியும்.

பிரதி கைக்கு வந்ததும் முதலில் மூன்று விடயங்களைத் தேடுங்கள்: பொறுப்பாளர் ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் புதியவரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு, முதலைச் செலவிட அனுமதி உண்டா, கையொப்பமிட்டவர்களில் உங்கள் தாயார் இருக்கிறாரா. ஆலோசகரின் நியமனக் கடிதத்தை அதுவரை எழுத வேண்டாம். வெளியாரைச் சேர்க்கும் அதிகாரம் சபைக்கு இல்லை என்றால் அவருடைய வேலையின் எல்லையே வேறாகிவிடும், அப்போது நாம் நீதிமன்றத்திடம் நிர்வாகத் திட்டம் ஒன்றைக் கோருவது பற்றிப் பேச வேண்டியிருக்கும்.